சங்கத்தில் சேர்ந்தால் வாடகை குறையுமா?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவில் பாத்திரக்கடை நடத்துகிறேன். மூன்றாண்டுக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். நிலையான வாடகை, விற்பனையில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டச் சொல்கிறார் உரிமையாளர். வணிகர் சங்கத்தில் சேர்ந்தால் பயனுண்டா?
– ஒரு வாசகி

பதில்: சேருங்கள் அம்மா. ஆனால் வாடகையைக் குறைத்துத் தருவது சங்கத்தின் வேலையன்று. தனிக் கடைக்காரரால் கேட்க முடியாததைப் பலர் சேர்ந்து கேட்க வைப்பதே அதன் வேலை.

நான் துணிக்கடை வைத்திருந்தபோது, குத்தகைத் தாளின் பதினோராம் பக்கத்தில் இதே வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்திட்டேன். தீபாவளி மாதம் கூட்டம் அலைமோதியது. லாபத்தின் பெரும்பகுதி வாடகையாகப் போய்விட்டது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

இன்று நிலைமை வேறு. கொவிட் காலத்தில் வாடகைதாரர்கள் ஒன்றுதிரண்டார்கள். சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம் போன்ற அமைப்புகள் உரிமையாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தன. 2021இல் கடைக் குத்தகைக்கான நடத்தை விதிகள் வந்தன. அவற்றைக் கட்டாயமாக்கிய சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கு அது பொருந்தும். வாடகைக்கு ஒரே கணக்குமுறை என்பது அதன் பொதுவிதி. ‘எது அதிகமோ அது’ என்ற வரியை அதைக் காட்டியே நீங்கள் கேள்வி கேட்கலாம்.

உங்கள் வட்டாரத்தில் லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம் இருக்கிறது. தீபாவளி ஒளியூட்டு மட்டும்தான் அதன் பணி என்று எண்ணாதீர்கள். குத்தகைத் தாளை எடுத்துக்கொண்டு, தம் குத்தகையை ஏற்கெனவே புதுப்பித்த மூத்த உறுப்பினர் ஒருவரிடம் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம்.