காத்தாடி நின்னா கைவிட்டதா?

கேள்வி: சார், அமெரிக்காவுல கரண்டு தயாரிக்கற 14,000 காத்தாடியை அம்போன்னு விட்டுட்டு கம்பெனிக்காரங்க போயிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சுங்க. பாலக்காட்டுப் பக்கம் எங்க கஞ்சிக்கோட்டுலயும் பழைய காத்தாடிங்க பாதி நாள் சும்மாதான் நிக்குது. இதுக்கும் அதே கதிதானா?
– வாசகர், வாளையாறு

பதில்: அந்த நம்பர் பல வருஷமா சுத்திட்டுதான் இருக்குதுங்க. கலிஃபோர்னியாவுல 1980கள்ல வரிச்சலுகை கிடைக்குதேன்னு அவசர அவசரமா சின்ன மெஷினா ஆயிரக்கணக்குல நட்டாங்க, அதுல ஓடாம நின்னதும் உண்டு, கழட்டிட்டு பெருசா மாத்துனதும் உண்டு, மாத்துனதையும் கைவிட்ட கணக்குல போட்டா நம்பர் ஊதத்தானே செய்யும்? துருப்பிடிச்ச காத்தாடின்னு ஒரு உதாரணம் கேட்டா ஹவாய் தீவுல கமாவோவான்னு ஒரு இடம், 37 காத்தாடி, 2006ல ஓட்டத்தை நிறுத்தி வருஷக்கணக்குல அப்படியே நின்னு 2012ல தான் எடுத்தாங்க. அசிங்கம்தான், மறுக்கல. ஆனா பக்கத்துலயே 2007ல பெரிய மெஷின் 14 வந்து ஓட ஆரம்பிச்சதை வீடியோக்காரர் காட்ட மாட்டார்.

கஞ்சிக்கோட்டுல கேரள மின்வாரியம் 1995ல வெச்சது 9 காத்தாடி, ஒவ்வொண்ணும் 225 கிலோவாட். பாலக்காட்டு கணவாய்ல மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான் காத்து பிச்சுக்கிட்டு வரும், மத்த மாசத்துல நிக்கறது சகஜம்ங்க. இன்னைக்கு வர்ற ஒரே ஒரு பெரிய மெஷின் அந்த 9 சேர்ந்த கெப்பாசிட்டியை தாண்டிரும், நல்ல காத்து இருக்கிற இடத்தை பழசு அடைச்சுக்கிட்டு நிக்குதுங்கறதுதான் என் வருத்தம்.

கேள்வி: அப்போ ஏன் சார் மாத்த மாட்டேங்கறாங்க? உடுமலை பக்கம் எங்க மச்சான் காட்டுலயும் ஒரு பழசு நிக்குது.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வழி இல்லாம இல்லீங்க. பழசை மாத்தறதுக்கு மத்திய அரசு 2016ல பாலிசி போட்டு 2023ல திருத்துச்சு, தமிழ்நாடு 2024ல தனியா ஒண்ணு போட்டுச்சு. சிக்கல் நிலத்துல இருக்கு. றெக்கை பெருசானா காத்தாடிக்கு காத்தாடி இடைவெளியும் கூடணும், வழக்கமான கணக்கு றெக்கை சுத்துற வட்டத்தோட அகலத்துல ஒரு பக்கம் 5 மடங்கு, இன்னொரு பக்கம் 7 மடங்கு. நாலு பழசு இருக்கற இடத்துல ஒரு பெருசு வரணும்னா நாலு ஓனர் ஒத்துக்கிட்டு, மூணு பேர் தங்களுக்கு மெஷினே இல்லாம எடுத்துக்கணும், யார் எடுப்பாங்க? சப்ஸ்டேஷனும் லைனும் தாங்கணும், பேங்கிங் சலுகை, அதாவது மிச்ச கரண்டை வாரியத்துக்கிட்ட சேத்து வெச்சு அப்புறமா எடுத்துக்கறது, போயிருமோன்னு பயம் வேற.

இரும்பு டவரை நம்ம ஊர்ல எவனும் சும்மா விட்டுட்டு போக மாட்டான், அதுக்கு விலை இருக்கு. றெக்கைதான் தலைவலி, ஃபைபர் கண்ணாடி, உருக்கி விக்க முடியாது. அடியில கெடக்குற கான்கிரீட்டும் அப்படித்தான். அதனால மச்சான்கிட்ட லீஸ் பேப்பரை எடுத்து பாக்கச் சொல்லுங்க, மெஷின் ஓய்ஞ்சா யார் செலவுல றெக்கையும் ஃபவுண்டேஷனும் எடுக்கறதுன்னு ஒரு வரி இருக்கான்னு. இல்லேன்னா லீஸ் புதுப்பிக்கறப்போ எழுதி வாங்கிட்டு அப்புறமா கையெழுத்து போடட்டும்.