பூச்சிப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 100 மிமீ மேக்ரோ லென்ஸில் தும்பியின் முகத்தை எஃப் 22 வைத்து எடுக்கிறேன். எல்லாம் தெளிவாக விழும் என்று பார்த்தால் கண்கூட மழுங்கித் தெரிகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸில் குறையில்லை. பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 நெருக்கத்தில், துளை எண் (எஃப் எண்; அது கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்) நடைமுறையில் இரட்டிப்பாகிவிடும். நீங்கள் வைத்த எஃப் 22, எஃப் 44 ஆக வேலை செய்கிறது. (சில கேமராக்கள் மாறிய எண்ணையே திரையில் காட்டும், பல காட்டாது.) துளை அவ்வளவு சிறுத்தால், விளிம்பில் வளையும் ஒளி படம் முழுவதையும் மழுக்கிவிடும்.

எஃப் 8 முதல் 11 வரை போதும். ஃபுல் ஃபிரேம் (36×24 மிமீ) சென்சாரில் 1:1, எஃப் 11 என்றால் தெளிவு நிற்கும் ஆழம் சுமார் 1.3 மிமீதான். முகத்தை எடுக்கும்போது அதைக் கண்ணுக்கே கொடுங்கள். பக்கவாட்டில் எடுத்தால், தும்பியின் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். தலை முதல் வால் நுனி வரை ஒரே படத்தில் கிடைக்கும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெல்ல முன்னே சாய்த்துக்கொண்டே கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள்.

கேள்வி: பூச்சி அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது பூச்சிக்குத் துன்பம். கால்கள் இயல்பில்லாமல் மடங்கிக் கிடப்பது படத்திலும் தெரிந்துவிடும். விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறி உடல் சூடாகும்வரை பல பூச்சிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் நிழல் மட்டும் மேலே விழக்கூடாது.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு, பின்னணியோ கறுப்பு. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?

பதில்: வெளிறிப்போன திட்டில் நிறத் தகவலே இருக்காது; ஹைலைட்டைக் குறைத்தால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். பளபளக்கும் முதுகு கண்ணாடி போல ஒளிமூலத்தையே காட்டும், ஆகவே மூலத்தைப் பெரிதாக்குங்கள். டிஃப்யூசர் (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் வெள்ளைத் திரை) பூச்சியைத் தொடாத அளவுக்கு நெருங்கியிருக்கட்டும். ஃபிளாஷ் முகப்புக்கும் அதற்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டினாற்போல் வைத்தால் நடுவில் மட்டும் ஒளி குவியும். பின்னணி கறுப்பதற்குக் காரணம், ஃபிளாஷ் ஒளி அவ்வளவு தூரம் எட்டாததுதான். பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு இலையைப் பிடியுங்கள், அல்லது கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றுங்கள்.

கேள்வி: ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங்கில் உணர்கொம்பைச் சுற்றி மங்கலான வளையம் வருகிறதே?

பதில்: முதலில் படங்களைப் பாருங்கள். உணர்கொம்பு இரட்டையாகத் தெரிந்தால் பூச்சி அசைந்திருக்கிறது. அசைந்த பிரேமை நீக்குங்கள். இரட்டிக்காமல் வளையம் மட்டும் இருந்தால், அது இணைக்கும் முறையால் வருவது. படங்களை இணைக்கும் மென்பொருளான ஜெரின் ஸ்டேக்கரில் டிமேப், பிமேக்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. டிமேப் முறை நிறத்தையும் மேற்பரப்பையும் நன்றாகக் காக்கும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் முடிகளில் தடுமாறும். பிமேக்ஸ் முடிகளைச் சுத்தமாகத் தரும், ஆனால் நாய்ஸையும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிவிடும். இரண்டையும் செய்து, டிமேப் படத்தின் மேல் முடியும் கொம்பும் உள்ள இடங்களில் மட்டும் பிமேக்ஸைத் தூரிகையால் பூசுங்கள்.

1:1, எஃப் 5.6-ல் ஒரு நகர்வுக்கு 0.3 மிமீ வையுங்கள். 6 மிமீ ஆழத்துக்குச் சுமார் 20 படங்கள் ஆகும். ஷார்ப்பனிங்கை இணைப்பதற்கு முன் போடாதீர்கள், வளையம் இன்னும் தடிக்கும். இணைத்து, நாய்ஸ் நீக்கி, அளவு குறைத்த பிறகு, பின்னணியை மாஸ்க்கால் மறைத்துப் பூச்சிக்கு மட்டும் கொடுங்கள்.