மிருதங்கக்காரர் எந்தப் பக்கம்?

கேள்வி: கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கமும் வயலின் இடப்பக்கமும் இருப்பது வெறும் சம்பிரதாயமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சம்பிரதாயம்தான், ஆனால் காரணம் மிருதங்கத்தின் உடலிலேயே இருக்கிறது. கரணை என்னும் கரும்பசை படிந்த வலந்தலையிலிருந்துதான் (வலக்கை வாசிக்கும் முகம்) சுருதியோடு இழையும் கூர்மையான நாதம் எழும். ஈர ரவை ஒட்டிய மறுமுகமான தொப்பியோ கும்கி என்னும் குழைந்தெழும் அடிநாதமும் கனமும் தரும். வலக்கைக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்ந்து அவரை நோக்கித் திரும்பும்போது வலந்தலை தானாகவே சபையைப் பார்க்கிறது. அதே கலைஞர் எதிர்ப்புறம் அமர்ந்தால், அந்த அருமையான நாதம் மேடையின் பின்சுவருக்குப் போய்விடும்.

இடக்கைக்காரருக்கு இவையெல்லாம் தலைகீழாகும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையால் வாசித்தவர். அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டியிருந்ததால், வயலின் கலைஞர் வழக்கமான இடத்தை விட்டு வலப்புறம் மாற நேர்ந்தது. அதற்கு இசையாத வயலின் வித்வான்கள் இருந்தார்கள் என்பதும், அதனால் அத்தகைய மேதைக்கே வாய்ப்புகள் நழுவின என்பதும் இன்றும் மனத்தை உறுத்துகின்றன. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியை ஆதரித்து முன்னுக்குக் கொண்டுவந்ததை நன்றியோடு நினைக்க வேண்டும்.

தம்பூரா பாடகருக்குப் பின்னால், அவர் காதருகே. கடமோ கஞ்சிராவோ இருந்தால், தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் கைகளைக் கவனித்துப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அவை தெளிவாகத் தெரியும் இடமே அவற்றுக்கு உரியது.