ஜெனரேட்டர் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் காந்தம் தீர்ந்துபோகாதா?

இதை நீங்கள் யாரிடமோ கேட்டு, அவர் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். என்னையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தீராது. சுருளோ காந்தமோ சுழலும்போது, சுருளுக்குள் புகும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் செம்புக் கம்பியில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இதைத்தான். செலவாவது சுற்றிவிடும் ஆற்றல், காந்தம் அல்ல.

டீசல் ஜெனரேட்டர் அறையில் பன்னிரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். சேர்ந்த புதிதில், பல மாதம் ஓடாமல் கிடந்த ஒரு செட்டை ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒழுங்காக ஓடியது. வோல்ட்மீட்டர் முள் மட்டும் எழவில்லை. "அண்ணே, காந்தம் தீந்துபோச்சா?" என்று மூத்த ஆபரேட்டரிடம் கேட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தீரல தம்பி, மறந்துபோச்சு" என்றார்.

அந்த செட்டில் நிலைக்காந்தம் கிடையாது. முன்பு ஓடியபோது ஃபீல்டு, அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள் சுற்றிய இரும்பில் தங்கிய கொஞ்சம் காந்தத்தன்மைதான் முதல் சில வோல்ட்டைத் தரும். அதை வைத்து, வோல்ட்டைச் சீராக வைக்கும் கருவியான ஏ.வி.ஆர். ஃபீல்டு சுருளுக்கு மின்சாரம் கொடுக்க, காந்தம் வலுத்து வோல்ட் ஏறும். அந்தத் தொடக்கம் போய்விட்டிருந்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்தி, ஏ.வி.ஆர். கம்பிகளைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியைத் துருவம் பார்த்து ஃபீல்டில் சில நொடி தொட்டார். மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முள் மளமளவென்று ஏறியது.

அப்புறம் லோடு போடச் சொன்னார், அதாவது மின்சாரம் எடுக்கும் கருவிகளை இணைக்கச் சொன்னார். பிரேக்கரைத் தூக்கியதும் இன்ஜின் ஒரு கணம் திணறி, சத்தம் கனத்தது. சுருளில் ஓடும் மின்சாரமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிச் சுழற்சியை எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத் தள்ளத்தான் இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவி கூடுதல் டீசல் விடுகிறது. உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

நிலைக்காந்த ஜெனரேட்டர் இல்லையா என்று யாராவது வருவார்கள். உண்டு. அதிக வெப்பத்தில் அந்தக் காந்தம் வலுவிழக்கலாம். ஆனால் அது மின்சாரமாக மாறித் தீர்ந்ததாகாது.

அந்தச் சத்தத்தைப் பற்றி இன்னொன்று. காதுக் கவசம் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. இன்று என் இடது காது மந்தம். அந்த மாதிரி அறையில் வேலைக்குப் போவதாக இருந்தால் முதல் நாளே கேட்டு வாங்குங்கள், தரவில்லை என்றால் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.