கடை மூடும்போது கல்லாக் கணக்கை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? இடித்தால் எங்கே தேடுவது?

கணக்கு எளிதுதான். சில்லறைக்கென்று காலையில் கல்லாவில் போட்ட தொகையோடு அன்றைய ரொக்க விற்பனையைக் கூட்டி, அதிலிருந்து எடுத்த செலவைக் கழித்தால் பெட்டியில் இருக்க வேண்டிய பணம் வந்துவிடும். கார்டில் வந்தது இதில் சேராது.

இடிப்பது பெரும்பாலும் மீதி கொடுக்கும் இடத்தில். அதனால் கை பழகியவர்கள், வாங்கிய நோட்டை உடனே உள்ளே போட மாட்டார்கள். மீதியைக் கொடுத்து முடிக்கும்வரை கண்ணெதிரே வைத்திருப்பார்கள். ‘நான் ஐந்நூறு கொடுத்தேனே’ என்ற தகராறே வராது. மீதியையும் கழித்துப் பார்ப்பதில்லை, ஏறுமுகமாக எண்ணுவார்கள். பில் 367, கொடுத்தது 500 என்றால், மூன்று வைத்து 370, முப்பது வைத்து 400, நூறு வைத்து 500.

சரி, துண்டு விழுந்தால்? வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், கையால் எழுதிய இடங்களில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 72-ஐ 27 என்று எழுதினால் 45 இடிக்கும். முழு நூறாக வந்தால், புது நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அப்புறம், பணம் கூடுதலாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. யாருக்கோ மீதி குறைவாகப் போயிருக்கலாம். அதையும் அப்படியே எழுதி வையுங்கள், அவர் திரும்பி வந்து கேட்கக்கூடும்.