முறுக்கைத் தூக்கி எறிகிற தம்பி

வணக்கம் மேடம். மதுரை செல்லூரில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் தம்பிக்கு வயது 19. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. ‘ம்மா’, ‘தண்ணி’ தவிரப் பேச்சு வராது. கோபம் வந்தால் கையைக் கடிப்பான். அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். இந்தப் பங்குனியில் இருந்துதான் தாங்க முடியவில்லை. சுவரில் தலையை மோதுகிறான். வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். போன வாரம் அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டான். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை வேறு.

முறுக்கு என்றால் அவனுக்கு உயிர். இப்போது அதையும் தூக்கி எறிகிறான், அவ்வளவு கோபம். மோர்ச்சாதம் மட்டும்தான் இறங்குகிறது. செல்போனைக் கையில் கொடுத்தால் அடங்குகிறான். சிறப்புப் பள்ளியில் பாசி கோர்க்க உட்கார வைத்தால் டீச்சரை அடிக்கிறான் என்று, “கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருங்கள்” என்றுவிட்டார்கள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாள் முழுக்கத் தூங்குகிறான் என்று அப்பா நிறுத்திவிட்டார். சாயங்காலமானால் துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டி வைக்கிறார். கட்டிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுகிறார். சொந்தக்காரர்கள் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். வாயில் மிளகாய்த்தூள் தடவச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு வரன் பார்க்கிறார்கள். நான் போய்விட்டால் அம்மா என்ன செய்வார்? இவனை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று நினைப்பது பாவமா?

ஒரு அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

முறுக்கைத் தூக்கி எறிகிறான் என்பதை நீங்கள் கோபக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். முறுக்கு வேண்டாம், மோர்ச்சாதம் இறங்குகிறது, அறைவது வலது கன்னத்தில். எனக்கு இது பல்வலி போலத் தெரிகிறது. காதாகவும் இருக்கலாம். இந்த வயதில்தான் ஞானப்பல்லும் முளைக்கும். நமக்கு வந்தால் கிராம்பை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் புலம்புவோம். அவனிடம் ‘வலி’ என்ற சொல்லே இல்லையே. பேச்சு வராதவர்களிடம் இப்படித் திடீரென்று முரட்டுத்தனம் கூடினால் பல், காது, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், வலிப்பு எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். கூட்டத்தில் காத்திருக்க முடியாது, பேச்சு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாண்டி கோயில் உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போங்கள். பல்லைக் காட்டிவிட்டு, கூட்டமும் மேளமும் இல்லாத ஒரு நாளில்.

மிளகாய்த்தூள் கூடவே கூடாது. பல்வலிக்காரன் வாயில் அதைத் தடவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலி தீர்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம் என்று மூன்றே வரி. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். பாதியை உங்கள் கடிதமே சொல்கிறது: பாசி வந்தது, அடித்தான், வீட்டுக்கு அனுப்பினார்கள். அடித்தான், போன் கிடைத்தது. இது திமிர் அல்ல. ‘எனக்கு முடியவில்லை’, ‘அது வேண்டும்’ என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, பலிக்கவும் செய்கிறது.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரு உளவியலாளர்கள், முரண்டு பிடித்த குழந்தைகளுக்குத் தண்டனை தராமல், ‘எனக்குப் புரியவில்லை’ என்று உதவி கேட்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். முரண்டு குறைந்தது. இன்றைக்கும் இந்தத் துறையில் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். தம்பிக்குப் பேச்சு வேண்டாம், இரண்டு அட்டை போதும். ஒன்றில் போன் படம், இன்னொன்றில் ‘போதும்’ என்று காட்டும் கை. அவன் அமைதியாக இருக்கும்போது, அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொட வைத்து, தொட்ட நொடியே கொடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் தாமதமே கூடாது. காத்திருக்கப் பிறகு பழக்கலாம். பள்ளியிலும் ‘போதும்’ அட்டையைத் தொட்டால் இரண்டு நிமிடம் எழுந்து நடக்கவிடச் சொல்லுங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடித்தால் போன் கிடைக்காது என்று ஆனதும், முதல் சில நாள் அடி கூடும். அப்போது மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். ஆனால் தலையை மோதும்போது ‘கண்டுகொள்ளாதே’ என்பது பொருந்தாது. இடையில் தலையணையைக் கொடுங்கள், அதிகம் பேசாதீர்கள். அவன் மோதும் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி வையுங்கள். முடியைப் பிடித்தால் அம்மா எதிர்த்து இழுக்காமல், அவன் கையைத் தன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளட்டும், பிடி தளரும். துண்டு வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், திட்டாமல். கட்டினால் பயம்தான் கூடும்.

மாத்திரையை நிறுத்திய விஷயம் டாக்டருக்குத் தெரியுமா? தூக்கத்தைச் சொன்னால் அளவை மாற்றலாம். ரிஸ்பெரிடோன் போன்றவை ஆட்டிசத்தில் வரும் இந்த ஆக்ரோஷத்துக்குத் தரப்படுவதுதான். பசியும் எடையும் கூடும், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்துவது நல்லதல்ல.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி. பாவம் இல்லை. ஆனால் வலியோடு இருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள், இல்லத்திலும் இதே பல்தான் வலிக்கும். அவனுக்கு 18 தாண்டிவிட்டது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டக் காப்பாளர் (அவன் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர்) நியமனம், நிராமயா மருத்துவக் காப்பீடு, மாத உதவித்தொகை மூன்றையும் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வரன் வீட்டாரிடம் தம்பியை மறைக்காதீர்கள்.

பல் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நோட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள்.