மானிட்டரும் மான்ஸ்டரும்

கேள்வி: ஆங்கிலத்தில் ஓமன், போர்டெண்ட், பிரிமோனிஷன் என்று எத்தனை சொற்கள்! பழைய கிரேக்கத்திலும் இப்படித்தானாமே? நமக்குச் 'சகுனம்' ஒன்றுதானே இருக்கிறது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த 'ஒன்றுதானே'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தற்செயலாகக் காதில் விழும் பேச்சைக் குறியாக எடுத்துக்கொள்ளும் விரிச்சியை எங்கே தொலைத்தீர்கள்? முல்லைப்பாட்டில், போருக்குப் போனவன் வருவானா என்று அறிய முதிய பெண்கள் பூத் தூவி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஒரு பெண் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். சொன்னது கன்றுக்கு, பலன் தலைவிக்கு. இதற்குக் கிரேக்கர் வைத்த பெயர் க்ளேதோன். ஹோமரின் ஒடிசி காவியத்தில், ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்து அவன் வீட்டில் தின்று தீர்க்கும் கூட்டத்துக்கு மாவரைத்து அலுத்த ஒரு வேலைக்காரி, "இந்தப் பயல்கள் தின்னும் கடைசிச் சோறு இதுவாகட்டும்" என்று புலம்புகிறாள். அடையாளம் கேட்டுக் காத்திருந்த ஒடிசியஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

சரி, சகுனத்துக்கு வருவோம். அது வடசொல், முதல் பொருள் பறவை. நம் 'புள்'ளும் பறவைதான், நிமித்தமும்தான். கிரேக்கரின் ஒயோனோஸும் அதே கதை: கழுகு, வல்லூறு போன்ற பெரிய பறவை, அப்புறம் சகுனம். சாதாரணப் பறவையான ஒர்னிஸையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கி.மு. 414-இல் ஏதென்ஸில் அரங்கேறிய 'பறவைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் பறவைகளை விட்டே கிண்டல் செய்கிறார்: வதந்தியா, பறவை; தும்மலா, பறவை; எதிரே வந்த கழுதையா, அதுவும் பறவை!

ஏதென்ஸ் சிரித்தது. அடுத்த ஆண்டே சிசிலியில் அதன் படைத்தலைவன் நிகியாஸ், தப்பிக்க வேண்டிய இரவில் சந்திர கிரகணம் வந்ததால், குறிசொல்வோர் பேச்சைக் கேட்டு மூவொன்பது நாள் காத்திருக்கத் தீர்மானித்தான். படை அழிந்தது, அவனும் கொல்லப்பட்டான். "நாட்டைக் காப்பதுதான் ஒரே நல்ல பறவை" என்று ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் கழுகுச் சகுனத்தைத் தள்ளிய ட்ராய் வீரன் ஹெக்டரும் பிழைக்கவில்லை. இதை வைத்து எந்தக் கட்சியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஆங்கிலக்காரர் பாடு வேறு. நீங்கள் வியந்த மூன்று சொல்லுமே லத்தீன் கடன். 'இனாகுரேஷன்' என்று நம் ஊரில் ரிப்பன் வெட்டுகிறார்களே, அதன் பூர்வீகம் ரோமர்கள் பறவைகளைப் பார்த்துத் தெய்வத்திடம் அனுமதி வாங்குவது. இப்போது அமைச்சரைப் பார்த்தால் போதும். பிரிமோனிஷனின் வேரில் இருப்பது 'எச்சரி' என்ற லத்தீன் வினை. அதே வேரிலிருந்து வந்தவைதான் மானிட்டரும் மான்ஸ்டரும். இதைப் படித்த அன்று ஆறாம் வகுப்பு எனக்குப் புரிந்துவிட்டது. ஆசிரியர் வெளியே போனதும் எங்கள் மானிட்டர் சாக்கட்டியைக் கையில் எடுப்பான். கரும்பலகையில் முதல் பெயர் என்னுடையது. நான் பேசியிருக்கவே மாட்டேன். பேசப்போகிறேன் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கு ஒரு பிரம்படி. எந்தக் கழுகும் இவ்வளவு துல்லியமாகப் பறந்ததில்லை.

கடைசியாக, 'ஓமன்' என்பது நம் 'ஓமம்'தான் என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கும் புலவர் நண்பருக்கு: கட்டுரை கிடைத்தது. உறையைப் பிரிக்கும்போது உதவி ஆசிரியர் தும்மிவிட்டார். ஒடிசியஸின் மனைவி பெனிலோபி பேசும்போது மகன் தும்மியதை அவள் நல்ல நிமித்தமாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். நான் கிரேக்கத்தில் பத்திரிகை நடத்தவில்லை. கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.